ஜெயித்தவன் காரில் பாரம் ஏற்றலாமா?

 

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததிலிருந்து நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் கார் ரேஸ் பேச்சு ஓயவில்லை. நானும் சும்மா இருக்காமல், "இதைவிட எனக்குப் பிடித்தது பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயம். ஏப்ரலில் 2025 சீசன் தொடங்குகிறது, பாருங்கள்" என்று ஒரு வரி போட்டுவிட்டேன். கூடவே, அதில் ஜெயிப்பவர் காருக்குப் பாரம் ஏற்றும் வழக்கம் இருந்தது என்றும் எழுதினேன். உடனே ஒரு மாணவன் கேட்டான்: "ஜெயிச்சவனுக்குத் தண்டனை குடுக்கிறது ஒரு விளையாட்டா சார்?"

நல்ல கேள்வி. குழுவில் நாலு வரியில் பதில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. இந்தக் கேள்வியில் என் சொந்தக் கணக்கு ஒன்றும் பாக்கி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், தெரியாதவர்களுக்காக. ஃபார்முலா ஒன் கார் தெருவில் ஓடாது. டூரிங் கார் என்பது தெருவில் நாம் பார்க்கும் கார்தான். ஃபோர்டு ஃபோகஸ், ஹூண்டாய் ஐ30, டொயோட்டா கொரோலா, பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் போன்ற வண்டிகள். உள்ளே எல்லாவற்றையும் மாற்றிப் பந்தயத்துக்குத் தயார் செய்திருப்பார்கள். வெளியில் பார்த்தால், "அட, நம்ம பக்கத்து வீட்டுக்காரர் வண்டி" என்று தோன்றும். கூரையும் கதவும் உள்ள வண்டிகள் என்பதால் வளைவுகளில் உரசிக்கொண்டும் இடித்துக்கொண்டும் போவார்கள். பிரிட்டனில் இது 1958-லிருந்து நடக்கிறது. 2025-ல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பத்து வார இறுதிகள். ஒவ்வொரு ஞாயிறும் மூன்று பந்தயங்கள். ஆக மொத்தம் 30. டோனிங்டன் பார்க்கில் தொடங்கி பிராண்ட்ஸ் ஹேட்சில் முடிந்தது. 

மகள் நார்த்தாம்ப்டனில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். 2018-ல் நாங்கள் அங்கே போயிருந்தபோது, மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை சில்வர்ஸ்டோனுக்கு அழைத்துப் போனார். கல்லூரி நாளில் சோழவரத்தில் ரேஸ் பார்த்தவன் நான் என்பதால் உற்சாகமாகக் கிளம்பினேன். போன இடத்தில் ஓர் ஒற்றுமை தெரிந்தது. சோழவரம் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். சில்வர்ஸ்டோனும் அப்படித்தான். இந்தப் பந்தயம் நடக்கும் த்ரக்ஸ்டன், ஸ்நெட்டர்டன், க்ராஃப்ட் ஆகியவையும் போர்க்காலத்து விமான தளங்கள்தான். 

அன்றைக்கு முதல் பந்தயம் முடிந்ததும் மாப்பிள்ளை, "மாமா, இப்ப ஜெயிச்சாரே, அவர் கார்ல அடுத்த ரேஸுக்கு எக்ஸ்ட்ரா வெயிட் ஏத்துவாங்க" என்றார். எனக்கும் முதலில் உங்கள் தோழனைப் போலத்தான் கோபம் வந்தது. கஷ்டப்பட்டு ஜெயித்தவனைக் கீழே இழுப்பது என்ன நியாயம்? வீடு திரும்பியும் மனம் ஒப்பவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு சீசனையும் தொடர்ந்து கவனித்து வருகிறேன். இன்று என் கருத்து மாறியிருக்கிறது. எப்படி மாறியது என்று சொல்கிறேன்.

பாரம் என்றால் எவ்வளவு? ஒரு காலத்தில் முன்னிலையில் இருப்பவருக்கு 75 கிலோ வரை ஏற்றினார்கள். அடுத்தடுத்த இடங்களுக்குப் படிப்படியாகக் குறையும். ஒன்றேகால் டன்னைத் தாண்டும் காரில் 75 கிலோ என்பது ஏறத்தாழ ஆறு சதவீதம். பக்கத்து சீட்டில் நல்ல ஆகிருதியான ஓர் ஆளை உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுவது மாதிரி. பத்தாம் வகுப்புப் பாடம் நினைவிருக்கிறதா? விசை அதே, நிறை கூடினால் முடுக்கம் குறையும். வளைவிலிருந்து வெளியே வரும்போது வண்டி மந்தமாக எழும். பிரேக்கை முன்னதாகவே மிதிக்க வேண்டும். டயர் சீக்கிரம் தேயும். ஒரு சுற்றுக்கு நொடியில் சில பங்குதான் வித்தியாசம். ஆனால் அந்தச் சில பங்குக்குள் ஏழெட்டுக் கார்கள் நிற்கும் பந்தயம் இது. 

2022-ல் இந்த முறையை மாற்றினார்கள். காரில் மின்கலமும் மோட்டாரும் வைத்து ஹைப்ரிட் ஆக்கினார்கள். எடைக்குப் பதிலாக, முன்னிலையில் இருப்பவருக்கு அந்த மின் உந்துதலைக் குறைத்து, பின்னால் இருப்பவருக்குக் கூட்டிக் கொடுத்தார்கள். மூன்று சீசன் அப்படி ஓடியது. 2025-ல் ஹைப்ரிட் போனது. அதற்குப் பதில் டர்போவின் அழுத்தத்தைச் சிறிது நேரம் உயர்த்தித் தரும் ஏற்பாடு வந்தது. பெட்ரோலுக்குப் பதில் புதுப்பிக்கத்தக்க எரிபொருள். உந்துதலைப் பங்கிடும் கொள்கை மட்டும் அதேதான். மேலே இருப்பவனுக்குக் குறைவு, கீழே இருப்பவனுக்கு அதிகம்.

இது ஏன் தேவைப்பட்டது? சரித்திரம் தெரிந்தால் புரியும். 1990-களில் இந்தப் பந்தயத்தில் கார் கம்பெனிகள் நேரடியாக இறங்கின. இரண்டு லிட்டர் இன்ஜின், சூப்பர் டூரிங் என்று பெயர். ஒரு கம்பெனி செலவைக் கூட்டினால் அடுத்த கம்பெனியும் கூட்டியது. பார்க்கப் பிரமாதமாகத்தான் இருந்தது. ஆனால் செலவைத் தாங்க முடியாமல் ஒவ்வொன்றாக வெளியேறின. 2000-ஆம் ஆண்டில் மிஞ்சியது ஃபோர்டு, ஹோண்டா, வாக்ஸ்ஹால் என்று மூன்றே கம்பெனிகளின் அணிகள். அதோடு அந்தக் காலம் முடிந்தது. 2001-ல் புது விதிகளோடு மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது. பணம் உள்ளவன் மட்டுமே ஜெயிக்க முடியும் என்றால், மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அப்புறம் ஜெயிப்பவன் யாரை ஜெயிப்பான்? இன்று பல முக்கிய உதிரி பாகங்களை எல்லா அணிகளும் பொதுவாகவே வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதனால் சிறிய அணிகளும் பெரிய அணிகளின் பக்கத்தில் நிற்க முடிகிறது. பாரமும் அதே நோக்கத்தில் வந்ததுதான்.

"சரி சார், ஆனா திறமைக்கு என்ன மரியாதை?" என்று கேட்பீர்கள். இங்கேதான் எனக்குக் கண் திறந்தது. இந்தப் பந்தயத்தின் இத்தனை ஆண்டு வரலாற்றில் நான்கு முறை பட்டம் வென்றவர்கள் மூன்றே பேர். ஆண்டி ரௌஸ் 1975, 1983, 1984, 1985-இல் வென்றார். காலின் டர்க்கிங்டன் 2009, 2014, 2018, 2019-இல். ஆஷ் சட்டன் 2017, 2020, 2021, 2023-இல். 2025 வரை ஐந்தாவது பட்டம் யாருக்கும் கிடைக்கவில்லை. இவர்களில் டர்க்கிங்டனும் சட்டனும் இந்தப் பாரத்தையும் தடைகளையும் சுமந்துகொண்டே நான்கு முறை வென்றவர்கள். அதிலும் சட்டனின் நான்கு பட்டங்கள் சுபாரு, இன்ஃபினிட்டி, ஃபோர்டு என்று மூன்று வெவ்வேறு கம்பெனிக் கார்களில் வந்தவை. ஆக, பாரம் ஏற்றியதால் திறமைசாலி தோற்றுப்போகவில்லை. எந்த வண்டியாக இருந்தாலும், எவ்வளவு பாரமாக இருந்தாலும் இவனால் முடியும் என்று நமக்குத் தெரிந்ததே அந்தப் பாரத்தால்தான்.

புள்ளிக் கணக்கையும் பாருங்கள். முதல் இடத்துக்கு 20, இரண்டாம் இடத்துக்கு 17. அப்படியே குறைந்துகொண்டே போய் பதினைந்தாம் இடத்துக்கு 1. பாரம் முழுவதையும் சுமக்கும் நாளில் சாம்பியனால் முதலில் வர முடியாமல் போகலாம். அன்று அவன் ஆறாவதாகவோ எட்டாவதாகவோ வந்து, வண்டியை உடைக்காமல் புள்ளியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். கோபத்தில் இடித்துவிட்டு வெளியேறுபவன் பட்டத்தை அங்கேயே தொலைக்கிறான். 2024-ல் ஜேக் ஹில்லுக்கும் டாம் இங்கிராமுக்கும் இடையில் பட்டம் யாருக்கு என்பது கடைசி நாள் பிராண்ட்ஸ் ஹேட்சில்தான் முடிவானது. ஹில் வென்றார். 30 பந்தயங்களில் எங்கோ ஒரு மழை நாளில் பொறுமையாக வாங்கிய இரண்டு மூன்று புள்ளிகளும் அந்தக் கணக்கில் சேர்ந்துதான் இருக்கும். நல்ல நாளில் எல்லோரும் நன்றாக ஓட்டுவார்கள். சாம்பியன் யார் என்பது கெட்ட நாளில்தான் தெரியும். 

ஆகவே பாரத்துக்கு என் ஓட்டு உண்டு. ஆனால் இதே பந்தயத்தில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் பந்தயத்தின் முடிவைப் பொறுத்து இரண்டாம் பந்தயத்தின் தொடக்க வரிசை அமையும். அது சரி. மூன்றாம் பந்தயத்துக்கு மட்டும் ஒரு குலுக்கல். எண் எழுதிய பந்துகளில் ஒன்றை எடுப்பார்கள். பத்து என்று வந்தால், இரண்டாம் பந்தயத்தில் பத்தாவதாக வந்தவர் முதலில் நிற்பார், முதலில் வந்தவர் பத்தாவதாக நிற்பார். பார்க்க சுவாரஸ்யம்தான், மறுக்கவில்லை. ஆனால் பந்து எட்டில் வந்தால் ஒன்பதாவதாக வந்தவருக்கு ஒன்றும் இல்லை. ஒன்பதில் வந்தால் அவர்தான் முதல் ஆள். இதில் அவர் செய்த நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. எட்டாவதாக ஓடிக்கொண்டிருப்பவர், "கஷ்டப்பட்டு ஏழுக்குப் போவானேன், பத்திலேயே இருந்தால் அடுத்ததில் முன்னால் நிற்கலாமே" என்று நினைக்க இடம் கொடுக்கிறது. பின்னால் போகத் தூண்டும் விதி எந்தப் போட்டியிலும் இருக்கக் கூடாது. பரீட்சையில் இருந்தால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

இதை நான் மட்டும் சொல்லவில்லை. இந்தப் பந்தயத்தின் முதல் ஆண்டே இதைச் சொல்லியிருக்கிறது. 1958-ல் சீசன் முடிந்தபோது ஜாக் சியர்ஸ், டாமி சாப்வித் இருவரும் சமமான புள்ளியில் நின்றார்கள். காசு சுண்டிப் போட்டு முடிவு செய்யலாம் என்ற யோசனை வந்தது. ஓட்டுநர்களுக்கு அது பிடிக்கவில்லை. பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? ரைலி 1.5 என்ற ஒரே மாதிரி கார் இரண்டைக் கொண்டுவந்தார்கள். பிராண்ட்ஸ் ஹேட்சில் ஐந்து சுற்றுப் பந்தயம். முடிந்ததும் இருவரும் காரை மாற்றிக்கொண்டு மறுபடி ஐந்து சுற்று. "உன் கார் நல்ல கார்" என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டின் நேரத்தையும் கூட்டியதில் சியர்ஸ் 1.6 நொடி வித்தியாசத்தில் முதல் சாம்பியன் ஆனார்.

எனக்கு இந்தப் பந்தயத்தின் மீது மரியாதை வந்ததே இந்தக் கதையைப் படித்தபோதுதான். அதிர்ஷ்டத்திடம் விட மறுத்து, நிலைமையைச் சமமாக்கிவிட்டு மனிதனைப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் இன்ஜின் அளவை வைத்துப் பிரிவுகள் இருந்தன. சிறிய பிரிவில் ஜெயித்தாலும் பெரிய பிரிவுக்கு உள்ள அதே புள்ளி. அதனால்தான் 1970, 1971, 1972 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு பில் மெக்கவர்ன் என்பவர் ஒரு லிட்டருக்கும் குறைவான இன்ஜின் உள்ள சின்ன சன்பீம் இம்ப் காரில் ஒட்டுமொத்தப் பட்டத்தையும் வென்றார். அதே தடத்தில் கேமரோ, மஸ்டாங் போன்ற பெரிய அமெரிக்கக் கார்கள் உறுமிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தன. சின்ன வண்டிக்காரனின் உழைப்பையும் சரியான தராசில் நிறுத்துப் பார்த்த பந்தயம் இது. காசு சுண்டுவதை 1958-ல் மறுத்தவர்களின் வாரிசுகள் இன்று பந்து குலுக்குவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. பாரம் இருக்கட்டும். குலுக்கல் போகட்டும். அமைப்பாளர்களிடம் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் இதைத்தான் சொல்வேன்.

பாரத்திலும் ஒரு சின்ன வருத்தம் உண்டு. பழைய கிலோ கணக்கு குழந்தைக்கும் புரியும். "அவர் காரில் 75 கிலோ அதிகம்" என்றால் மாப்பிள்ளையின் ஏழு வயதுப் பையன் "ஐயோ பாவம்" என்பான். டர்போ அழுத்தம் கண்ணுக்குத் தெரியாது. தொலைக்காட்சியில் யாருக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் தெளிவாகக் காட்ட வேண்டும். சுமப்பவனுக்கும் பார்ப்பவனுக்கும் தெரியாமல் வைக்கும் பாரம், பாரமாக இருக்கலாம். நியாயமாக இருக்காது.

இப்போது நான் பாக்கி வைத்த கணக்குக்கு வருகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் என் பத்தாம் வகுப்பில் ஒரு பெண். கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கை தூக்குவாள். பதிலும் சரியாக இருக்கும். மற்ற பிள்ளைகள் யோசிக்கவே முயற்சி எடுக்காமல் அவளைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். எல்லோரும் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில், அவள் கை தூக்கினால் நான் கவனிக்காதது போல் இருக்க ஆரம்பித்தேன். என் நோக்கம் நல்லதுதான். கடைசி பெஞ்சிலிருந்து ஒன்றிரண்டு பேர் பதில் சொல்லவும் செய்தார்கள். எனக்குத் திருப்தி. அவளிடம் மட்டும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் இப்போது நல்ல வேலையில் இருக்கிறாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் சந்திப்பு ஒன்றில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "சார், அந்த வருஷம் நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன், உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னு நெனச்சேன். பாதி வருஷத்துக்கு மேல கை தூக்குறதையே விட்டுட்டேன் சார்." என்னால் அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை.

நானும் ஜெயித்தவள் மேல் பாரம் ஏற்றியவன்தான். மற்றவர்களும் ஓட வேண்டும் என்ற அதே நோக்கம். ஆனால் டூரிங் கார் பந்தயத்தில் பாரம் எவ்வளவு என்று விதிப் புத்தகத்தில் இருக்கிறது. ஏன் என்று ஓட்டுநருக்குத் தெரியும். பார்ப்பவர்களுக்கும் தெரியும். அந்தப் பாரத்தோடு ஆறாவதாக வந்தாலும் கைதட்டல் உண்டு. புள்ளி குறைந்து பின்னால் போனால் பாரமும் குறையும். நான் வைத்த பாரத்துக்கு அளவும் இல்லை, காரணமும் சொல்லப்படவில்லை, அதை எப்போது இறக்குவேன் என்றும் அவளுக்குத் தெரியாது. "உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்மா, மத்தவங்களுக்கு ஒரு நிமிஷம் குடுப்போம்" என்று முதல் நாளே சொல்லியிருந்தால், அவள் அதைப் பதக்கம் மாதிரி சுமந்திருப்பாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றாள். அவளிடம் நேரில் சொன்னதை உங்கள் முன்னாலும் சொல்கிறேன்: மன்னித்துக்கொள் அம்மா.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் ஏராளம். அலுவலகத்தில் பத்துப் பேரை மேய்ப்பவர்களும் இருக்கிறீர்கள். நன்றாக வேலை செய்பவன் தலையில்தான் மேலும் மேலும் வேலை வந்து விழும் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் மூத்த பிள்ளைக்கும் அதே கதைதான். பாரம் வைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. வைத்தால் எவ்வளவு, எதற்கு, எது வரைக்கும் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வையுங்கள். 

கேள்வி கேட்ட தம்பிக்குப் பதில்: அது தண்டனை இல்லை, கண்ணா. சொல்லிவிட்டு வைத்தால் அது மரியாதை. சொல்லாமல் வைத்தால்தான் தண்டனை.

 அடுத்த முறை இந்தப் பந்தயத்தைப் பார்க்கும்போது, பட்டம் யாருக்குக் கிடைக்கும் என்பதைவிட, முதல் பந்தயத்தில் ஜெயித்தவர் அன்றைக்கே இரண்டாம் பந்தயத்தில் எத்தனையாவதாக வருகிறார் என்று கவனியுங்கள். அவர் ஏழாவதாக வந்தாலும் ஒரு கைதட்டல் கொடுங்கள். 

குலுக்கல் விஷயத்தில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் தாராளமாகக் கீழே எழுதலாம். மார்க் குறைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்